ஒரு கணினியில் இரு பதிப்புக்கள்: கேடிஈ மேசைமுகப்பின் வரலாற்றில் ஒரு பகுதி

கணினியை நாள்தோறும் கையாள்வோருட் பலர் அதன் உள்ளுறுப்புக்களை அறியார். அவர் அறிவது திரையில் விரியும் முகப்பு ஒன்றே. சாளரங்களைத் தாங்கும் சட்டம், அடியிற் கிடக்கும் பலகம், செய்நிரல்களை வரிசைப்படுத்தும் பட்டி, கோப்புக்களைக் காட்டும் கருவி, இவற்றின் நிறமும் எழுத்தும் விசைகளும் எவ்வாறு அமையவேண்டும் என்று குறித்து வைக்கும் ஏடு ஆகிய யாவும் சேர்ந்ததே டெஸ்க்டொப் எனப் பொதுவாக வழங்கும் மேசைமுகப்பு ஆகும். விண்டோஸ் போன்ற முறைமைகளில் இம்முகப்பு முறைமையோடு ஒட்டிப் பிறந்தது; அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டுதல் சாதாரண பயனர்க்கு இயல்வதன்று. லினக்ஸிலோ நிலை வேறு. முறைமையின் கருவும் அதன் முகப்பும் தனித்தனியே வளர்ந்தமையால், ஒரே பொறியிற் பல முகப்புக்களை நிறுவி, புகுபதிகைத் திரையில் வேண்டியதைத் தெரிந்துகொள்ளுதல் கூடும்.

எனினும் இங்கே ஒரு புதுமை உண்டு. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு முகப்புக்கள் ஒரே கணினியில் எளிதில் ஒத்து வாழும். ஒரே முகப்பின் பழைய பதிப்பும் புதிய பதிப்புமோ அவ்வாறு வாழமாட்டா. கேடிஈயும் குனோமும் அருகருகே இருத்தற்குப் பெருந்தடை யாதும் இல்லை. கேடிஈ 3உம் கேடிஈ 4உம் அருகருகே இருத்தற்குத் தடைகள் பல. இதற்குக் காரணம் பகையன்று, உறவே. ஒரு வளவில் அயலார் இருவர் குடியிருக்கலாம். ஒரே பெயர் கொண்ட இருவர் குடியிருப்பின் தபாற்காரன் யாது செய்வான்? இம்மயக்கத்தை நீக்க நடந்த முயற்சிகளையும், நீக்காது விட்டவிடத்து விளைந்த மனக்கசப்பையும் கேடிஈயின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

கேடிஈ தோன்றியது 1996ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதி எனலாம். அன்று ஜேர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மத்தியாஸ் எற்றிக் என்பார், யுனிக்ஸ் வகைக் கணினிகளைப் பயன்படுத்தும் பொதுமக்களுக்கென ஒழுங்கானதொரு முகப்பை ஆக்குதற்கு உதவுவோர் தேவையென யூஸ்நெற் குழுக்களில் அறிவித்தார். அக்காலத்து லினக்ஸ் திரையில் ஒவ்வொரு செய்நிரலும் தன் தன் போக்கிற் காட்சியளித்தது. ஒன்றிற் பெற்ற பழக்கம் மற்றொன்றிற்கு உதவவில்லை. இக்குறையைத் தீர்ப்பதற்கு நோர்வே நாட்டு ட்ரோல்ரெக் நிறுவனத்தார் ஆக்கிய கியூட் என்னும் கருவித்தொகுதியை அவர் அடித்தளமாகக் கொண்டார். முதற் பதிப்பு 1998ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி வெளிவந்தது. கியூட்டின் உரிமம் அந்நாளில் முற்றிலும் கட்டற்றதாய் இல்லாமையை ஏற்காத மிகெல் டி இக்காசா, பெடரிக்கோ மேனா என்னும் மெக்சிக்கோ நாட்டினர் இருவர் 1997ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் குனோம் என்னும் மற்றொரு முகப்பைத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டளவில் உரிமச் சிக்கல் தீர்ந்தது; ஆயினும் அதற்குள் இரு முகப்புக்களும் வேரூன்றிவிட்டன.

கியூட்டை அடித்தளமாகக் கொண்டமை கேடிஈயின் பதிப்பு வரலாற்றையே வகுத்துவிட்டது. கியூட் 1இன் மேல் கேடிஈ 1, கியூட் 2இன் மேல் கேடிஈ 2, கியூட் 3இன் மேல் கேடிஈ 3 என எண்கள் ஒத்தே நடந்தன. அடித்தளத்தின் பெரும்பதிப்பு மாறும்போதெல்லாம் அதன்மேல் எழுந்த செய்நிரல்கள் யாவும் மீள எழுதப்பெறவோ, திருத்தப்பெறவோ வேண்டியிருந்தன. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆந் திகதி வந்த கேடிஈ 2 ஏறக்குறைய ஒரு புதுப்படைப்பு. 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி வந்த கேடிஈ 3 அத்துணைப் பெரிய மாற்றத்தைக் கொணரவில்லை. பழகியவர் பழகியபடியே அதனுட் புகுந்தனர். அதன் 3.5ஆம் பதிப்பு 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்து, ஏறத்தாழ மூன்றாண்டு காலம் சிறுசிறு திருத்தங்களோடு நிலைத்து நின்றது. முதிர்ந்த மென்பொருள் என்பதற்கு அந்நாளில் இதனையே பலர் எடுத்துக்காட்டினர். பின்னர் எழுந்த பூசலின் கடுமையை விளங்கிக்கொள்வதற்கு இம்மூன்றாண்டு அமைதியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, இரு பதிப்புக்கள் எவ்விடங்களில் மோதுகின்றன என்பதை நோக்குதல் பொருத்தமாகும். ஒருவர் ஒரு செய்நிரலின் பெயரைக் கூறி அழைக்கும்போது, முறைமை தன்னிடமுள்ள அடைவுகளின் பட்டியலை வரிசைப்படி தேடுகின்றது. முதலில் எதிர்ப்படுவதே ஓடும். அடுத்த அடைவில் அதே பெயருடன் வேறொன்று காத்திருப்பினும் அதனை அது நோக்குவதில்லை. கொன்சோல் என்னும் முனையக் கருவி கேடிஈ 3இலும் கொன்சோலே, கேடிஈ 4இலும் கொன்சோலே. கேற் என்னும் எழுத்துக்கருவியின் நிலையும் அவ்வாறே. ஒரே அடைவில் இரண்டையும் இட முயன்றால் பின்னர் வந்தது முன்னர் இருந்ததை அழித்துவிடும்.

நூலகங்கள் எனப்படும் பொதுத்தொகுதிகளில் இம்மோதல் ஓரளவு குறைவு. யுனிக்ஸ் மரபில் நூலகக் கோப்பின் பெயரோடு ஓர் எண் சேர்க்கப்படுவதால், பழைய செய்நிரல் பழைய எண்ணையும் புதியது புதிய எண்ணையும் தேடிச் செல்லும். கேடிஈயின் அடிப்படை நூலகம் 3ஆம் வரிசையில் 4 என்னும் எண்ணையும், 4ஆம் வரிசையில் 5 என்னும் எண்ணையும் தாங்கி நின்றது. எண் ஒன்று தள்ளி நின்ற இவ்விந்தை, பொதிகளைத் தொகுப்போரைச் சற்று மயக்கியிருக்கலாம். ஆனால் நூலகங்களை மோதாமற் காத்தது. இவ்வாறு ஓடுதற்குரிய நூலகங்கள் ஒத்துப்போயினும், புதிய செய்நிரல்களை எழுதுவோர் அவற்றை இணைக்கத் தேடும் எண்ணற்ற பெயர் ஒன்றேயாதலால், உருவாக்குநர்க்குத் தொல்லை தீரவில்லை.

தொடக்கக் காலத்தில் இதற்குக் கண்ட தீர்வு மிக எளியது. சூசே என்னும் ஜேர்மனிய லினக்ஸ் வழங்கலினர் கேடிஈயைப் பொது அடைவுகளிற் கலவாது, மேலதிக மென்பொருள்களுக்கென ஒதுக்கப்பெற்ற ஒப்ற் என்னும் அடைவின்கீழ் அதற்கெனத் தனி மனையொன்று வகுத்தனர். கேடிஈ 2 வந்தபோது 'கேடிஈ2' என்னும் மனையும், கேடிஈ 3 வந்தபோது 'கேடிஈ3' என்னும் மனையும் அதன் அருகே எழுந்தன. அமர்வு தொடங்குமுன் எம்மனையை முதலிற் பார்க்கவேண்டும் என்பதைச் சூழல் மாறிகள் சிலவற்றாற் குறித்துவிட்டாற் போதும். செய்நிரல்களைத் தேடும் வழி, நூலகங்களைத் தேடும் வழி, கேடிஈயின் மனை, கியூட்டின் மனை என்னும் நான்கையும் மாற்றியமைக்கும் பத்து வரிச் சிறுநிரல் ஒன்று ஒரு பதிப்பிலிருந்து மற்றொரு பதிப்பிற்குக் கதவு திறந்துவிட்டது. இதற்கு மாறாக, ரெட் ஹற் வழங்கலினர் யாவற்றையும் பொது அடைவிலேயே இட்டனர். அதன் ஒழுங்கு கண்ணுக்கு இனியது. ஆனால் அங்கே ஒரு பதிப்பிற்கே இடம் உண்டு. பிற்காலத்தில் எவ்வழங்கல் இரு பதிப்புக்களையும் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதை இப்பழைய வழக்கங்களே பெரிதும் தீர்மானித்தன.

செய்நிரல்களுக்குத் தனி மனை வகுத்துவிட்டாற் சிக்கல் தீர்ந்ததென எண்ணியோர் விரைவில் ஏமாந்தனர். மனைகள் இரண்டாயினும் கிணறு ஒன்றாயிருந்தது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை அறிந்தோர்க்கு இதன் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பயனரின் வீட்டடைவிலும், புள்ளியொன்றை முன்னே கொண்டமையால் வழக்கமான பட்டியலிற் புலப்படாத 'கேடிஈ' என்னும் கோப்புறை ஒன்று இருந்தது. பலகம் எங்கே நிற்கவேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாயிருக்கவேண்டும், அஞ்சற் கணக்குகள் யாவை, முகவரிப் புத்தகத்தில் உள்ளோர் யாவர் என்பன அனைத்தும் அதற்குட் குறிக்கப்பெற்றிருந்தன. புதிய பதிப்பு அக்கோப்புறையைத் திறந்தால், பழைய குறிப்புக்களைத் தன் முறைக்கேற்பத் திருத்தி எழுதும். மீண்டும் பழைய பதிப்பிற்குத் திரும்புவோர் தம் பலகம் இடம்மாறியும், விசைகள் பொருள்மாறியும் கிடக்கக் காண்பர். சில வேளைகளிற் செய்நிரல் தொடங்கவே மறுப்பதும் உண்டு. ஒருநாள் முயற்சிக்காகப் புதியதைத் திறந்து பார்த்தவர் பல ஆண்டு உழைப்பால் அமைத்த ஒழுங்கை இழக்க நேரும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

இதனை அறிந்த கேடிஈ உருவாக்குநர் இருவகை மருந்து கூறினர். 'கேடிஈஹோம்' என்னும் சூழல் மாறியால் வேறொரு கோப்புறையைக் குறித்துக்கொள்ளல் ஒன்று. சோதனைக்கென்றே தனியாகப் பயனர் கணக்கொன்றை ஆக்கிக்கொள்ளல் மற்றொன்று. பின்னையதே கேடு குறைந்த வழியென உருவாக்குநர்க்கான அவர்தம் கையேடுகளிற் பல்லாண்டு வற்புறுத்தப்பெற்றது. இது பங்குக் கிணற்றை விட்டுத் தனிக்கிணறு வெட்டுவதற்கு ஒப்பானது. ஆனால் அலுவலகக் கணினியில் வேலைசெய்யும் எழுதுவினைஞர் ஒருவர்க்கோ, தந்தையாரின் கணினியைப் பகிரும் மாணவர் ஒருவர்க்கோ இம்மருந்து எட்டாதது. கையேட்டை வாசிப்போர் உருவாக்குநரே. கோப்புறையை இழப்போர் ஏனையோர்.

திரையைப் பொறுத்தவரை மோதல் சிறிதும் இல்லை என்பது வியப்பிற்குரியது. எக்ஸ் எனப்படும் யுனிக்ஸின் சாளர முறைமை தொடக்கத்திலிருந்தே ஒரு பொறியிற் பல காட்சிகளை எழுப்ப வல்லதாயிருந்தது. கண்ட்ரோல், ஒல்ற் விசைகளோடு எப்7 விசையை அழுத்தினால் ஒரு காட்சி, எப்8 விசையை அழுத்தினால் மற்றொன்று. முன்னையதில் கேடிஈ 3 ஒரு கணக்கிலும், பின்னையதில் கேடிஈ 4 வேறொரு கணக்கிலும் ஒரே வேளையில் ஓடிக்கொண்டிருந்தன. எக்ஸ்நெஸ்ற், செபிர் என்னும் கருவிகளாற் காட்சி ஒன்றிற்குள்ளேயே மற்றொரு காட்சியைச் சாளரமாகத் திறத்தலும் இயன்றது. கேடிஈ 4ஐ ஆக்கியோருட் பலர், தாம் அன்றாடம் பணிபுரிந்த கேடிஈ 3இன் சாளரம் ஒன்றினுள்ளே தம் புதிய படைப்பை ஓட்டிப் பார்த்தனர். புதியதை ஆக்குவோர் பழையதன் மடியில் இருந்தே ஆக்கினர் என்பது பின்னர் நடந்தவற்றை நோக்குமிடத்து நினைவிற் கொள்ளத்தக்கது. தமக்கு இருந்த இவ்வசதியைப் பயனர்க்கும் அளித்தனரா என்பதே வினா.

2008ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி கேடிஈ 4.0 வெளியிடப்பெற்றது. பிளாஸ்மா என்னும் புதிய பலக முறையும், செய்நிரல்கள் தம்முட் பேசுதற்குப் பழைய டிகொப் முறைக்குப் பதிலாக டிபஸ் என்னும் பொதுமுறையும் அதில் இடம்பெற்றன. அடித்தளம் வலியது, மேற்கட்டடம் முற்றுப்பெறவில்லை. பலகத்தின் அளவை மாற்றுதற்குரிய எளிய வழிகூட அதில் இல்லை. அஞ்சலும் நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் அடங்கிய தொகுதி 4.0இல் அறவே இடம்பெறவில்லை, 4.1 வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 4.0 என்பது 4ஆம் வரிசையின் தொடக்கமே அன்றி நிறைவன்று என்று உருவாக்குநர் எடுத்துக்கூறியதுண்டு. ஆயினும் பூச்சியத்தில் முடியும் பதிப்பெண் மென்பொருள் உலகில் முழுமைக்கு அடையாளமாகவே கொள்ளப்பட்டு வந்தது. சொல்லுக்கும் எண்ணுக்கும் முரண் நேருமிடத்து மக்கள் எண்ணையே நம்புவர்.

அடிப்படைக் கருவிகளைப் பொறுத்தவரை உருவாக்குநர் முன்யோசனையோடு நடந்தனர் என்பதையும் மறுத்தல் ஆகாது. பின்னணியில் இயங்கும் கருவிகள் பலவற்றின் பெயரோடு 4 என்னும் எண் சேர்க்கப்பட்டது. கேடெட் என்பது கேடெட்4 ஆயிற்று. கேடிஈஇனிற் என்பது கேடிஈஇனிற்4 ஆயிற்று. செய்நிரல்களின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் கேசைகோக்கா என்னும் கோப்பும் அவ்வாறே எண் பெற்றது. பழைய டிகொப்பும் புதிய டிபஸும் வேறு வேறு வழிகளாதலால் அங்கும் மோதல் எழவில்லை. இவற்றின் பயனாக, கேடிஈ 4 முகப்பில் கேடிஈ 3இன் செய்நிரல்களை ஓட்டுதல் எளிதாயிற்று; அஞ்சற் கருவி இன்றி வந்த 4.0இல் பழைய அஞ்சற் கருவியே பலர்க்குக் கைகொடுத்தது. ஆனால் பயனர் பெயர்சொல்லி அழைக்கும் முகப்புச் செய்நிரல்களுக்கு இவ்வெண் வழங்கப்படவில்லை. கொன்சோல் கொன்சோலாகவே இருந்தது. அத்திவாரத்தில் இருவர்க்கும் இடம் விட்டு, வாசலில் ஒருவர்க்கே இடம் விட்டமைபோன்ற நிலை இது.

ஆகவே முடிவு வழங்கல்களின் கைக்குச் சென்றது. அவை மூன்று வழியிற் பிரிந்தன. 2008ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த பெடோரா 9, கேடிஈ 3 முகப்பை நீக்கி அதனிடத்திற் கேடிஈ 4.0ஐ அமர்த்தியது, பழைய நூலகங்கள் மட்டும் பழைய செய்நிரல்களுக்காக எஞ்சின. ஏப்பிரல் மாதம் வந்த குபுண்டு 8.04, கேடிஈ 3.5 கொண்ட இறுவட்டு ஒன்றையும் கேடிஈ 4 கொண்ட இறுவட்டு ஒன்றையும் தனித்தனியே வழங்கியது. அடுத்த ஒக்ரோபரில் வந்த 8.10இலோ பழையது கைவிடப்பட்டது. யூன் மாதம் வந்த ஓப்பன்சூசே 11.0 மட்டும், தன் பழைய வழக்கத்தின் வலிமையால், ஒப்ற் அடைவின்கீழ் கேடிஈ 3ஐயும் பொது அடைவில் கேடிஈ 4ஐயும் ஒருங்கே நிறுவ இடந்தந்தது. புதியதற்கென 'கேடிஈ4' என்னும் தனி அமைப்புக் கோப்புறையையும் அது வகுத்தமையால் கிணறும் பிரிந்தது. ஓப்பன்சூசேயைப் பயன்படுத்தியவர் காலையிற் பழையதில் வேலைசெய்து மாலையிற் புதியதைச் சோதிக்கலாம். பிடிக்காவிடின் மறுநாள் காலை அவர் மேசை வைத்தபடியே இருக்கும். 2009ஆம் ஆண்டு நவம்பரில் 11.2 வெளிவந்து கேடிஈ 4ஐ இயல்புநிலை முகப்பாக்கியபோது, அம்முகப்பு 4.3ஆம் பதிப்பை எட்டி முதிர்ந்திருந்தது.

பெடோராவினர்மீது பழி சுமத்துதல் எளிது, ஆனால் நீதியாகாது. இரு பதிப்புக்களைப் பேணுதல் என்பது இருமடங்கு பொதிகளைத் தொகுத்தலும், இருமடங்கு பிழைகளைக் கேட்டலும், பாதுகாப்புத் திருத்தங்களை இருமுறை இடுதலும் ஆகும். பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் சிறு குழுவொன்று அச்சுமையை ஏற்க மறுத்தலில் வியப்பில்லை. அன்றியும், கேடிஈ 3இன் அடித்தளமாகிய கியூட் 3ஐப் பேணுவதை ட்ரோல்ரெக் நிறுவனம் 2007ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. உளுத்த தூணின்மேல் வீட்டை எத்தனை காலம் நிறுத்தி வைக்கலாம் என்னும் அவர்தம் கேள்விக்கும் வலு உண்டு. குறை, பழையதை நீக்கியமையில் அன்று. புதியது ஆயத்தமாகுமுன் நீக்கியமையிலேயே உளது.

மக்களின் மனக்கசப்பு விரைவில் வெளிப்பட்டது. லினக்ஸ் கருவை ஆக்கிய லினஸ் ரோவால்ட்ஸ், முன்பு கேடிஈயைப் பரிந்துரைத்தவர். அவரே கேடிஈ 4.0ஐக் கடிந்து, தாம் குனோமிற்கு மாறியதாக 2009ஆம் ஆண்டு சனவரியில் வெளியான நேர்காணல் ஒன்றிற் கூறினார். அவரைப் போன்றோர் எங்கும் செல்லக்கூடியவர். செல்ல விரும்பாதோர் பழையதையே உயிர்ப்பிக்க முயன்றனர். குபுண்டு கைவிட்ட கேடிஈ 3.5ஐத் தொடர்ந்து தொகுத்து வந்த திமோதி பியர்சன் என்பாரின் முயற்சி, 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் திரினிற்றி மேசைமுகப்பு என்னும் பெயரில் 3.5.11ஆம் பதிப்பாக வெளிவந்தது.

திரினிற்றியின் பின்னை வரலாறு முழுவதும் பெயர்மாற்ற வரலாறே எனில் மிகையாகாது. தொடக்கத்தில் அது கேடிஈயின் பெயர்களையே தாங்கி நின்றமையால், கேடிஈ 4 உள்ள பொறியில் அதனை நிறுவுவோர் முன்னைய மோதலையே மீண்டும் கண்டனர். ஆகவே ஒப்ற் அடைவின்கீழ் 'திரினிற்றி' என்னும் மனை அமைந்தது. அமைப்புக்களுக்குத் 'திரினிற்றி' என்னும் தனிக் கோப்புறை வந்தது. சூழல் மாறி 'ரீடிஈஹோம்' எனப் பெயர் பெற்றது. 2014ஆம் ஆண்டு திசம்பரில் வந்த ஆர்14.0 பதிப்பில் நூலகங்களின் பெயர்களே மாறின. கேடிஈலிப்ஸ் என்பது ரீடிஈலிப்ஸ் ஆயிற்று. சாளரங்களை ஆளும் கேவின் என்பது ரீவின் ஆயிற்று. பேணுவாரற்ற கியூட் 3உம் ரீகியூட் என்னும் பெயரில் அவர் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தது. இலட்சக்கணக்கான வரிகளில் ஓரெழுத்தை மாற்றுதல் புலமைக்குரிய பணியன்று, சலிப்பூட்டும் பணி. ஆனால் அச்சலிப்பான பணியே பழையதைப் புதியதன் அருகே இருத்தியது.

இதே நாடகம் குனோமிலும் மூன்றாண்டு கழித்து நடந்தமை தற்செயலன்று. குனோமினர் நூலகங்களைப் பொறுத்தவரை கேடிஈயினரினும் முன்னரே விழித்துக்கொண்டவர். அவர்தம் முன்னோடிகளுள் ஒருவராகிய ஹவொக் பெனிங்ரன், ஒரு நூலகத்தின் ஒவ்வாத பெரும்பதிப்பை வெளியிடுவோர் அதன் பெயரையே மாற்றிவிடல் வேண்டும் என்று வாதித்தார். கோப்பின் பெயர், தலைப்புக் கோப்புக்களின் அடைவு, இணைப்பு விவரக் கோப்பு ஆகிய யாவற்றிலும் பதிப்பெண் நுழைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனைப் பின்பற்றியே ஜிரிகே 1.2உம் ஜிரிகே 2உம் ஒரே முறைமையில் எவ்விதப் பூசலுமின்றி வாழ்ந்தன, உருவாக்குநர்க்கும் தொல்லையில்லை. இவ்வளவு தெளிவான கொள்கையை வகுத்தோர் அதனை நூலகத்தோடு நிறுத்தி, முகப்பிற்கு நீட்டாமையே விந்தை.

2011ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆந் திகதி குனோம் 3.0 வந்தபோது, பழைய பலகத்தையும் பட்டியையும் நீக்கி முற்றிலும் வேறான காட்சியோடு வந்தது. குனோம் 2உம் குனோம் 3உம் ஒரே பெயர்களைத் தாங்கியமையால் ஒன்றிருக்க மற்றொன்று நிறுவ இயலவில்லை. அவ்வாண்டே ஆர்ஜென்ரீனா நாட்டுப் பயனர் ஒருவர் குனோம் 2இன் மூலநிரலை எடுத்து மாத்தே என்னும் முகப்பைத் தொடங்கினார். அந்நாட்டார் விரும்பிப் பருகும் மூலிகைப் பானம் ஒன்றின் பெயர் அது. அவரும் முதலிற் செய்த பெரும்பணி பெயர்மாற்றமே. கோப்புக்களைக் காட்டும் நோட்டிலஸ், ஸ்பானிய மொழியிற் பெட்டியைக் குறிக்கும் காஹா ஆயிற்று. எழுத்துக்கருவியாகிய ஜிஎடிற், எழுதுகோலைக் குறிக்கும் புளூமா ஆயிற்று. ஆவணங்களைக் காட்டும் எவின்ஸ், நூல்தாங்கியைக் குறிக்கும் அத்திரில் ஆயிற்று. அமைப்புக்களைக் காக்கும் ஜிகொன்ப் என்பதும் மாத்தேகொன்ப் எனப் பெயர் பெற்றது. புதுமைக்காகவோ அழகுக்காகவோ சூட்டிய பெயர்கள் அல்ல இவை. குனோம் 3 இருக்கும் பொறியிலேயே குனோம் 2இன் வழித்தோன்றல் இருத்தல் வேண்டுமாயின் இவையின்றி வழியில்லை. அவ்வாண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் மின்ட் 12 குனோம் 3ஐயும் மாத்தேயையும் ஒருங்கே தாங்கி வந்தது.

செய்நிரலும் அமைப்பும் பிரிந்தபின்னும் ஒன்று பிரியாது எஞ்சும். அதுவே பயனரின் பொருள். கேடிஈயின் அஞ்சற் கருவியாகிய கேமெயில், 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த 4.6ஆம் தொகுதியில் அகோனடி என்னும் புதிய சேமிப்புமுறைக்கு மாறியது. பல்லாண்டு அஞ்சல்களைப் புதிய களஞ்சியத்திற்குக் கொண்டு செல்லும் கருவி ஒன்றும் உடன் வந்தது. அப்பெயர்ச்சி எல்லார்க்கும் இனிதாய் முடியவில்லை. பெயர்ந்தபின் பழைய கேமெயிலுக்குத் திரும்புவோர் தம் அஞ்சல்களை எவ்வாறு பெறுவர்? முகப்பைப் பின்னோக்கி மாற்றலாம்; கடிதக் கட்டுகளை அவ்வாறு மாற்றுதல் அரிது. டெபியன் வழங்கலினர் இதனை உணர்ந்தே 2013ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட 7ஆம் பதிப்பில், முகப்பை 4.8க்கு உயர்த்தியும் அஞ்சற் தொகுதியை 4.4இலேயே நிறுத்தி வைத்தனர். ஒரே மேசையில் இரு காலத்துப் பொருள்கள் அருகருகே கிடந்தன. அதனைக் குறையென எண்ணியோர் இருக்கலாம், ஆனால் அஞ்சலை இழந்தோர் குறைவாகவே இருந்திருப்பர்.

2014ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி பிளாஸ்மா 5 வெளிவந்தபோது கேடிஈயினர் கற்றதும் கல்லாததும் ஒருங்கே புலப்பட்டன. நூலகங்கள் யாவும் பதிப்பெண் தாங்கிய புதுப்பெயர்களோடு வந்தமையால் 4ஆம் வரிசைச் செய்நிரல்கள் பிளாஸ்மா 5இலும் நன்கு ஓடின. முகப்போ ஒரே மனையில் 4ஆம் வரிசை முகப்போடு இருக்க ஒவ்வாது. வேறு மனையில் நிறுவுக, அன்றேல் பழையதை நீக்குக என்று கேடிஈயினரே அறிவித்தனர். ஆனால் இம்முறை பெரும்பூசல் எழவில்லை. பிளாஸ்மா 5 தோற்றத்தாற் பழையதற்கு அணித்தாயிருந்தமையும், வழங்கல்கள் அவசரப்படாமையும் அதற்குக் காரணங்கள் ஆகலாம்.

அமைப்புக் கோப்புறையில் அப்போது நேர்ந்த மாற்றம் குறிப்பிடத்தக்கது. எல்லாச் செய்நிரல்களுக்கும் பொதுவாக வகுக்கப்பெற்ற எக்ஸ்டிஜி விதிகளைத் தழுவிய கேடிஈயினர், தம் பழைய கோப்புறையை விட்டு, 'கொன்பிக்' என்னும் பொதுக் கோப்புறைக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டடைவு துப்புரவாயிற்று. 4இலிருந்து 5க்கு வந்தோர்க்கு இக்குடிபெயர்வே கிணற்றைப் பிரித்தும் தந்தது. ஆனால் 'கேடிஈஹோம்' என்னும் ஒரே மாறியாற் கேடிஈயை மட்டும் பிரித்து வைக்கும் பழைய வசதி அதனோடு மறைந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி வந்த பிளாஸ்மா 6, 5 எழுதிய அதே கோப்புக்களையே அதே இடத்திற் படித்து எழுதுகின்றது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் 'கொன்பிக்' கோப்புறையின் இடத்தை மாற்றும் பொது மாறியைக் கொள்ளலாம். அவ்வாறு செய்யின் கேடிஈயோடு தொடர்பற்ற ஏனைய செய்நிரல்களும் தம் அமைப்புக்களைக் காணாது திகைக்கும். மெய்நிகர்க் கணினி ஒன்றினுட் புதியதை முழுமையாக நிறுவிப் பார்த்தலும் இன்று எளிது. எனினும் சோதனைக்கெனத் தனிப் பயனர் கணக்கை ஆக்கிக்கொள்ளும் பழைய முறை இன்றும் வழக்கொழியவில்லை.

திரினிற்றியின் ஆர்14.1 பதிப்பு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை ஒப்ற் அடைவிலும், பிளாஸ்மா 6ஐப் பொது அடைவிலும் கொண்ட பொறி ஒன்றின் புகுபதிகைத் திரையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். 2002இல் தொடங்கிய வரிசையும் 2024இல் தொடங்கிய வரிசையும் ஒரே கணக்கில் மாறிமாறித் திறக்கலாம். ஒன்றின் அமைப்பை மற்றது தீண்டுவதில்லை. பட்டியலில் ஒன்றின் பெயர் பிளாஸ்மா. மற்றதன் பெயர் ரீடிஈ.